மேசை மேல் இருப்பது அசலா, நகலா?

வருவாய்த் துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற ஆளுக்கு ஹார்ட் டிஸ்க் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வாழ்நாள் சான்றிதழ், பென்ஷன் அரியர், முழங்கால் வலி என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டால் யாருக்கும் சந்தேகம் வரும்.

காரணம் இருக்கிறது. உங்களில் பலர் வீட்டுப் பீரோவிலோ பரணிலோ ஒரு பழைய லேப்டாப் கிடக்கும். பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மகனோ மகளோ வாங்கிக் கொடுத்தது. அதற்குள் பேரப்பிள்ளைகளின் படங்கள், அறுபதாம் கல்யாண வீடியோ, இப்போது நம்மோடு இல்லாதவர்களின் குரல் எல்லாம் இருக்கும். அந்த லேப்டாப்புகளில் சிலவற்றில் இருப்பது சாதாரண ஹார்ட் டிஸ்க் அல்ல. ‘ஹைப்ரிட்’ டிஸ்க் என்று ஒரு கலப்பினம். நெல்லில் கலப்பினம் வந்தது போல டிஸ்க்கிலும் வந்தது. கொஞ்ச காலம் ஓடியது, அப்புறம் மறைந்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டிகள் இன்னும் நம் வீடுகளில்தான் இருக்கின்றன. அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. எனக்கு அது எப்படி உதவியது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் பழைய ஹார்ட் டிஸ்க். கிராமபோன் தட்டு தெரியாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. அதே போலத்தான் இதுவும். உள்ளே வழவழப்பான தகடு சுழலும். அதன் மேல் ஒரு கை இங்கும் அங்கும் நகரும். கையின் நுனியில் இருக்கும் முனை, தகட்டில் காந்தப் புள்ளிகளாக எழுதும், படிக்கும். கிராமபோன் ஊசி தட்டைத் தொடும். இந்த முனை தொடாது, மயிரிழையை விட மிக மெல்லிய இடைவெளியில் மிதந்துகொண்டே போகும். தொட்டால் ஆபத்து.

இந்த ஏற்பாடு நேற்று வந்தது அல்ல. 1956-லேயே ஐபிஎம் நிறுவனம் ஒரு டிஸ்க் இயந்திரத்தை வெளியிட்டது. 24 அங்குலக் குறுக்களவில் 50 தகடுகள். எல்லாம் சேர்த்து ஐம்பது லட்சம் எழுத்துகள் கொள்ளும். இன்றைய கணக்கில் ஒரே ஒரு சினிமாப் பாட்டு. அதைச் சுமக்க ஒரு பீரோவை விடப் பெரிய பெட்டி தேவைப்பட்டது.

லேப்டாப் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். விநாடிக்கு 90 சுற்று. கேட்க அபாரமான வேகம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகிறது. நமக்கு வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி. அதற்கு முன் கை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஒரு 12 மில்லி விநாடி. மொத்தம் பதினேழு, பதினெட்டு. ஒரு விநாடியில் அறுபது இடங்களைக்கூடத் தேடிப் படிக்க முடியாது.

நீளமான ஒரு படத்தையோ பாட்டையோ தொடர்ந்து படிப்பது அதற்குக் கஷ்டமே இல்லை. கை ஒரு இடத்தில் நின்றுகொண்டால் தகடு சுழலச் சுழலப் படித்துக்கொண்டே போகும். விநாடிக்கு 100 எம்பி சாதாரணம். சிரமம் எப்போது என்றால், அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று சிதறிக் கிடப்பதைப் படிக்கும்போது. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நடப்பது அதுதான். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை எங்கெங்கிருந்தோ எடுத்து வரவேண்டும். அதனால்தான் பட்டனை அமுக்கிவிட்டு நாம் காபி போட்டுக் குடித்துவிட்டு வருவோம்.

அடுத்தது ஃபிளாஷ். பென் டிரைவிலும் செல்போனிலும் இருப்பது. 1980-களில் டோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா என்ற ஜப்பானியப் பொறியாளர் கண்டுபிடித்தது. இதில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. சிலிக்கான் சில்லுக்குள் நுண்ணிய அறைகள். ஒவ்வொரு அறையிலும் மின்துகள்களை அடைத்து வைத்தால் ஒரு செய்தி, இல்லாவிட்டால் வேறு செய்தி. அடைத்தது கரண்ட் போனாலும் வெளியே போகாது. எந்த அறையைக் கேட்டாலும் 0.1 மில்லி விநாடிக்குள் பதில் வந்துவிடும்.

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபிளாஷ் ஒரு நிமிடத்தில் செய்யும் தேடலை டிஸ்க் செய்ய மூன்று மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு வித்தியாசம்.

அப்படியானால் முழுக்க ஃபிளாஷிலேயே வைத்துவிடலாமே? இன்று அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் 2010 வாக்கில் ஒரு டிபி அளவுக்கு ஃபிளாஷ் வாங்குவதென்றால் லேப்டாப்பை விட அதன் விலை அதிகம். இன்னொரு குறையும் உண்டு. அறைகளை அழித்து அழித்து எழுதினால் அவை தேயும். வருஷக்கணக்கில் கரண்டே இல்லாமல் போட்டு வைத்தால், தேய்ந்த அறைகளிலிருந்து மின்துகள்கள் மெதுவாகக் கசியவும் செய்யும்.

ஆக, ஒன்று மலிவு, நிறைய இடம், ஆனால் மந்தம். இன்னொன்று வேகம், ஆனால் கொஞ்சம்தான் வாங்க முடியும். நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? இரண்டையும் சேர்ப்பார்கள். அதுதான் ஹைப்ரிட்.

இங்கே என் பழைய உத்தியோகம் குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சில வருஷங்கள் தாலுகா ஆபீசில் பதிவறை எழுத்தராக இருந்தேன். பதிவறை என்றால் வெளிச்சம் வராத நீள அறை. சுவர் முழுக்க இரும்பு அலமாரி. பசலி வாரியாகச் சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகள். அடங்கல், ‘அ’ பதிவேடு, நில அளவைப் படங்கள், முடிந்துபோன கோப்புகள். உள்ளே ஒரு கட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டிப் பிரிப்பதற்குள் அரை மணி ஓடிவிடும்.

ஆனால் ஒன்று. வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே பத்துப் பதினைந்து கிராமங்களின் விவரம்தான். பைபாஸ் ரோடு வரப்போகிறது என்று பேச்சு வந்தால் அந்தப் பக்கத்துச் சர்வே எண்களுக்குத்தான் கூட்டம். ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் வர யாரால் முடியும்? எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த பெரியவர் ஒரு வழி வைத்திருந்தார். அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களைக் கையால் பிரதி எடுத்துத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொள்வார். யாராவது கேட்டால் டிராயரைத் திறந்து உடனே விவரம் சொல்வார். கொஞ்ச நாளாக யாரும் கேட்காத தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் புதிதாகக் கேட்கப்படுவதை வைப்பார்.

ஹைப்ரிட் டிஸ்க் செய்வதும் இதேதான். 1 டிபி தகடு அலமாரி. 8 ஜிபி ஃபிளாஷ் டிராயர். கிட்டத்தட்ட 125-க்கு ஒரு பங்கு. டிஸ்க்கின் அடியில் இருக்கும் சின்னப் பலகையில் ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு உண்டு. அதுதான் நம் பதிவறைப் பெரியவர். எந்த இடத்தை அடிக்கடி படிக்கிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். அவற்றின் பிரதியை ஃபிளாஷில் வைக்கும். அடுத்த தடவை கேட்டால் தகட்டைத் தேடாமல் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். நீளமான சினிமாவை அது கண்டுகொள்ளாது, அதைத் தகடே நன்றாகப் படிக்கும். சிதறிக் கிடக்கிற, திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற துண்டுகள்தான் டிராயருக்குப் போகும். அதனால்தான் இந்த லேப்டாப்புகள் முதல் நாள் மெதுவாக எழும்பும், மூன்றாவது நாலாவது தடவை சட்டென்று எழும்பும்.

ஒரு விஷயம் முக்கியம். அந்தச் சில்லுக்கு இடத்தின் எண் மட்டும்தான் தெரியும். அது கல்யாணப் படமா, விண்டோஸா, கரண்ட் பில்லா என்று தெரியாது. எது அடிக்கடி கேட்கப்படுகிறதோ அதுவே முக்கியம். நமக்கு எது முக்கியம் என்று அதனிடம் சொல்ல வழியில்லை.

2007-ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோதே இந்த முயற்சி தொடங்கிவிட்டது. அதில் ‘ரெடிடிரைவ்’ என்று இதற்காகவே ஒரு வசதி இருந்தது. அதோடு ‘ரெடிபூஸ்ட்’ என்று இன்னொன்றும் வந்தது நினைவிருக்கலாம். ஒரு பென் டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டர் கொஞ்சம் வேகமாகும் என்றார்கள். அந்தப் பென் டிரைவை நடுவில் பிடுங்கினாலும் எதுவும் தொலையாது. ஏனென்றால் அதில் இருந்தது பிரதி மட்டுமே. பிறகு 2010-ல் சீகேட் நிறுவனம் 500 ஜிபி தகட்டோடு 4 ஜிபி ஃபிளாஷ் சேர்த்து ‘மொமென்டஸ் எக்ஸ்டி’ என்ற டிஸ்க்கை விற்றது. அடுத்த ஆண்டே 750 ஜிபி, 8 ஜிபி என்று வளர்ந்தது. மற்ற நிறுவனங்களும் கொண்டுவந்தன. லேபிளில் ‘எஸ்எஸ்ஹெச்டி’ என்று போட்டிருக்கும்.

இதே நேரத்தில் இன்னொரு வகைக் கலப்பினமும் வந்தது. 2012 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ‘ஃப்யூஷன் டிரைவ்’ என்று அறிவித்தது. 128 ஜிபி ஃபிளாஷ், 1 டிபி டிஸ்க், இரண்டையும் சேர்த்து ஒரே டிஸ்க்காகக் காட்டும். பார்வைக்கு அதே யோசனைதான். ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இதில் பிரதி எடுப்பது கிடையாது. அடிக்கடி வேண்டியதை டிஸ்க்கிலிருந்து ஃபிளாஷுக்கு மாற்றிவிடும், வேண்டாததை ஃபிளாஷிலிருந்து டிஸ்க்குக்கு அனுப்பிவிடும். எந்த நேரத்திலும் ஒரு பொருள் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

பதிவறைக் கணக்கில் சொன்னால், இது கோப்பையே அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துக்கொள்வது. அப்படி எடுத்தால் அந்த இடத்தில் ஒரு சீட்டு வைப்போம். இன்ன கோப்பு, இன்ன தேதியில், இன்னார் எடுத்தார் என்று. மேசையில் காபி கொட்டினால் அசலே போய்விடும். மேசை, அலமாரி இரண்டில் எது கெட்டாலும் நஷ்டம்தான். அதனால் ஃப்யூஷன் டிரைவில் இரண்டு பகுதியில் ஒன்று போனாலும் மொத்தமும் போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பிரதி வைக்கும் ஹைப்ரிட்டில் அப்படி இல்லை. எழுத வேண்டியதைச் சில மாடல்கள் சற்று நேரம் ஃபிளாஷில் நிறுத்தி வைப்பது உண்டு. ஆனால் அது தங்குமிடம் அல்ல, வழிச் சத்திரம். அசல் கடைசியில் தகட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி, கூட்டிப் பார்ப்பது. 1 டிபியும் 128 ஜிபியும் சேர்ந்து கம்ப்யூட்டரில் மொத்தமாகக் காட்டினால் அசல் இடம் மாறுகிற வகை. 1 டிபி மட்டும் காட்டி, 8 ஜிபி எங்கே என்றே தெரியாவிட்டால் பிரதி வகை. டிராயரில் இருக்கும் பிரதித் தாளை யாராவது பதிவறைக் கணக்கில் சேர்ப்பார்களா?

இத்தனையும் நான் படித்தது ஓர் அவசியத்தால்.

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அத்தை இருந்தார். அப்பாவுக்கு மூத்தவர். எட்டாம் வகுப்பிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும் வரை அத்தை வீட்டில் தங்கித்தான் படித்தேன். எங்கள் ஊரில் உயர்நிலைப் பள்ளி கிடையாது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நடவுப் பாட்டு, தாலாட்டு, யார் வீட்டுக்கு யார் என்ன உறவு, எந்த வருஷம் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் நிறுத்தமாட்டார். அத்தை மகன், என் அத்தான், 2014-ல் ஒரு லேப்டாப் வாங்கினார். அவருக்கு என்ன தோன்றியதோ, திண்ணையில் அம்மாவை உட்காரவைத்து ஒரு வருஷம் விட்டு விட்டு அவர் பேச்சைப் பதிவு செய்தார். மொத்தம் 31 பதிவுகள். அத்தை 2016-ல் காலமானார். அத்தானும் 2022-ல் போய்விட்டார்.

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்து அத்தான் மகள் அந்த லேப்டாப்போடு வந்தாள். கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

“மாமா, அப்பா போனதிலிருந்து இது பீரோவிலேயே இருந்துச்சு. ஆன் பண்ணினா நல்லா வருது, பேப்பர் கூடப் படிக்க முடியுது. ஆனா அப்பாயி குரல் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தா டிக் டிக்னு சத்தம் வருது. அப்படியே நின்னுடுது.”

அன்று மாலையே கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு சின்னக் கடைக்குப் போனோம். கடைப் பையன் நல்ல பிள்ளை. பின்பக்கம் திறந்து டிஸ்க்கின் லேபிளைப் பார்த்தான். 1 டிபி, எஸ்எஸ்ஹெச்டி, 8 ஜிபி ஃபிளாஷ்.

“சார், இது ஹைப்ரிட். உள்ளே இருக்கிற சிப் போயிருக்கும். ரெண்டு வருஷம் கரண்ட் இல்லாம இருந்திருக்கு பாருங்க. டேட்டா சிப்ல இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. டிஸ்க் செக் போட்டு ரிப்பேர் பண்ணிப் பார்க்கலாம்.”

மருமகள் முகம் வாடிவிட்டது. எனக்குப் பழைய நாற்காலியின் புத்தி வந்தது.

“தம்பி, அந்தச் சிப்பில் இருப்பது அசலா, நகலா?”

அவன் யோசித்தான். “தெரியலையே சார்.”

“அப்படின்னா இன்னைக்கு ஆன் பண்ண வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றித் தனியா வை. ஒரு ராத்திரி டைம் கொடு.”

அந்த ராத்திரி உட்கார்ந்து படித்ததுதான் மேலே நீங்கள் படித்தது. படித்து முடித்ததும் இரண்டு விஷயம் தெளிவானது. ஒன்று, சிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். இது பிரதி வகை. அத்தையின் குரல் அசலாகத் தகட்டில்தான் இருக்கிறது. இரண்டு, கோளாறும் தகட்டில்தான் இருக்கிறது. டிக் டிக் என்ற சத்தம் சிப் போடுவது அல்ல. நகராத பொருளுக்குச் சத்தம் ஏது? படிக்க முடியாத இடத்தில் கை திரும்பத் திரும்ப முயலும் சத்தம் அது.

அப்படியானால் லேப்டாப் ஏன் சட்டென்று எழும்பியது? விண்டோஸும் அத்தான் தினமும் பேப்பர் படித்த பிரவுசரும் டிராயரில் இருந்தன. அந்தப் பிரதியை எடுத்துக் கொடுத்துச் சில்லு சமாளித்துவிட்டது. அடிக்கடி கேட்பதற்கெல்லாம் மேசையிலிருந்தே பதில் வந்ததால், அலமாரியின் நிலைமை வெளியே தெரியவில்லை.

பதிவறையில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. கரையான் எங்கே வரும்? தினமும் எடுக்கிற கட்டில் வராது. பத்து வருஷமாக யாரும் தொடாத மூலைக் கட்டில்தான் வரும். வெளியிலிருந்து பார்த்தால் சிவப்புத் துணி அப்படியே இருக்கும். பிரித்தால்தான் உள்ளே மண் கொட்டும். தகட்டிலும் அப்படியே. பழுதான இடத்தைப் படிக்கப் போகும் வரை அது பழுது என்று யாருக்கும் தெரியாது. டிராயர் சுறுசுறுப்பாக இருக்கும் ஆபீசில் மூலைக் கட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதும் இல்லை.

இன்னொன்றும் அந்த நாளில் கற்றதுதான். கரையான் தெரிந்தால் முதலில் மருந்து அடிக்கக் கூடாது. முதலில் கட்டை வெளியே எடுக்க வேண்டும். மருந்து அப்புறம்.

மறுநாள் காலையில் பையனிடம் சொன்னேன்: “ரிப்பேர் வேண்டாம். செக் போட்டா மொத்தத் தகட்டையும் துருவும். உள்ள உயிர் அதுலயே போயிடும். டிஸ்க்கை ஒயர் போட்டு உன் கம்ப்யூட்டர்ல மாட்டு. விண்டோஸ் வேண்டாம், சினிமா வேண்டாம், எதுவும் வேண்டாம். அந்த ஒரே ஃபோல்டர். அதை முதல்ல எடு.”

அவன் புரிந்துகொண்டான். ஃபோல்டர் மொத்தம் சுமார் 600 எம்பி. நல்ல டிஸ்க்காக இருந்தால் பத்து விநாடி வேலை. எங்களுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஒவ்வொரு பதிவாக எடுத்தான். நின்ற இடத்தில் வலுக்கட்டாயம் செய்யாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனான். 29 முழுதாக வந்தன. பாக்கி இரண்டில் ஒன்று மூன்றாவது முயற்சியில் வந்தது. கடைசி ஒன்று பாதிக்கு மேல் வரவே இல்லை. டிஸ்க்கைக் குளிரவைத்து மறுபடி மாட்டியபோது கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு டிஸ்க் இருப்பதே தெரியவில்லை. பத்து வருஷம் உழைத்த பொருள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

வந்த 30 பதிவுகளையும் அங்கேயே மூன்று இடத்தில் போட்டோம். அவள் போனில், ஒரு புதிய வெளி டிஸ்க்கில், என் கம்ப்யூட்டரில். பாதி வந்ததையும் சேர்த்துத்தான்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பரணில் கிடக்கும் லேப்டாப் சட்டென்று எழும்புகிறது என்பதால் அது நலமாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பழைய படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, நாலைந்தையாவது முழுசாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள், வேண்டியதை முதலில் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஃப்யூஷன் வகைக் கம்ப்யூட்டர் என்றால் சத்தம் வரும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே பிரதி எடுங்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று இரண்டும் போட்ட லேப்டாப்பும் உண்டு. அது பெரும்பாலும் ஹைப்ரிட் அல்ல, இரண்டு தனித்தனி அலமாரிகள். சி டிரைவ், டி டிரைவ் என்று காட்டும். உங்கள் படங்கள் எதில் இருக்கின்றன என்று பிள்ளைகளிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி விலை இறங்கியதும் ஹைப்ரிட்டின் காலம் முடிந்தது. இப்போதைய லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் தகடே கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த படம் அசலா, நகலா? கூகுளில் இருப்பதா, போனில் இருப்பதா? ஒன்றை அழித்தால் இன்னொன்று நிற்குமா? வேகத்தைப் பற்றிக் கடைக்காரர் சொல்வார். இதை நாம்தான் கேட்க வேண்டும்.

பாதியில் நின்ற பதிவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள். அது 1952 புயல் கதை. நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறி தஞ்சை டெல்டாவைப் புரட்டிப் போட்ட புயல். அத்தைக்கு அப்போது 22 வயது. கூரை பறந்து, ஊரே கோயில் மண்டபத்தில் ஒண்டியிருந்தது. கொட்டிலில் கட்டியிருந்த மாடுகள் நினைவுக்கு வந்து, மாமா இருட்டில் அவிழ்த்துவிட ஓடினார். “போகாதீங்கன்னு நான் கையைப் பிடிச்சேன், அவுக...” என்பதோடு அத்தையின் குரல் நின்றுவிடுகிறது.

மருமகள் என்னைப் பார்த்தாள். “தாத்தா பொழைச்சாருன்னு தெரியும் மாமா. அதுக்கப்புறம்தானே அப்பா பொறந்தாங்க. மாடு என்ன ஆச்சு?”

எனக்குத் தெரியும். மழை நாள் ராத்திரிகளில் அந்தக் கதையை அத்தை வாயால் பத்துத் தடவையாவது கேட்டிருக்கிறேன். மூன்று மாடும் தாமாகவே முளையைப் பிடுங்கிக்கொண்டு வைக்கோல் போரின் மறைவில் நின்றிருந்தன. மாமாதான் விடிந்த பிறகு, அவற்றின் பின்னாலேயே கோயிலுக்கு வந்து சேர்ந்தார். “மாடு அவுகளைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு” என்று சொல்லித்தான் அத்தை முடிப்பார்.

அவள் போனை நீட்டினாள். பாக்கிக் கதையை என் குரலில் சொல்லி முடித்தேன். அத்தையின் பதிவுக்குப் பக்கத்திலேயே அதையும் வைத்திருக்கிறோம். பெயர் என்ன வைப்பது என்று கேட்டாள். பதிவறை எழுத்தர் வேறு என்ன பெயர் சொல்வான்? ‘உண்மை நகல்’ என்று போடச் சொன்னேன்.